நாலு பிள்ளைக்கும் ஒரே சட்டி: மொட்டை மாடியில் நிலாச்சோறு

மூன்று நான்கு பிள்ளைகள் உள்ள வீட்டில் ராத்திரிச் சாப்பாடு பெரும்பாலும் அம்மா நின்றுகொண்டே நடத்துகிற வேலை. ஒருத்திக்கு ரசம் வேண்டும், ஒருவனுக்குத் தயிர் போதும், கடைக்குட்டி வாயில் வாங்கியதைத் துப்பும். எல்லோரும் எழுந்த பிறகு, ஆறிப்போனதை அம்மா தனியாக உட்கார்ந்து சாப்பிடுவார். மாதம் ஒரு ராத்திரியாவது இதைத் தலைகீழாக மாற்ற நிலாச்சோற்றை விட நல்ல வழி கிடையாது. ஒரே சட்டி, ஒரே கை, சுற்றிலும் பிள்ளைகள். அம்மாவும் உட்கார்ந்து, சூட்டோடு, அவர்களோடு சேர்ந்தே சாப்பிடுகிறார். ஆனால் இது தானாக அமையாது. ஏற்பாடு தவறினால் அந்த ராத்திரியும் மாடிப்படி ஏறி இறங்குவதிலேயே போய்விடும். கீழே உள்ள கணக்கு 12, 9, 6, 2 வயதுள்ள நான்கு பிள்ளைகளுக்கும் இரண்டு பெரியவர்களுக்கும்.

எந்த நாள்

பௌர்ணமி என்று காலண்டரில் பார்த்ததும் அதே நாளை வைத்துக்கொள்வதுதான் வழக்கம். சிறு பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு அதற்கு ஓரிரு நாள் முன்னால் வைப்பது நல்லது. பௌர்ணமி அன்று சூரியன் மறையும் நேரத்தை ஒட்டித்தான் நிலா கிளம்பும். ஏழு மணிக்கு அது எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருக்கும். நிலா நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தாமதமாக உதிப்பதால், வளர்பிறை திரயோதசி, சதுர்த்தசி நாள்களில் இருட்டும்போதே அது கூரைகளுக்கு மேலே வந்திருக்கும். பௌர்ணமி கழிந்து இரண்டு நாள் ஆனால் எட்டு மணிக்கு மேல்தான் எட்டிப்பார்க்கும். அதற்குள் கடைக்குட்டி தூங்கிவிடும். தினசரி காலண்டரில் திதி போட்டிருக்கும், பார்த்து முடிவு செய்யுங்கள்.

மாதங்களில் தை, மாசி, பங்குனிதான் தமிழ்நாட்டுக்கு வாகானவை. வானம் தெளிந்திருக்கும், மாடித் தரையும் கொதிக்காது. ஐப்பசி, கார்த்திகையில் மழை விடாது. மார்கழிப் பனியில் கைக்குழந்தையை மாடிக்குக் கொண்டுபோக வேண்டாம். சித்திரையில் இரவு இதமாக இருந்தாலும் தரை பகல் வெயிலை உள்ளே வைத்திருக்கும். ஆறு மணிக்கு இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றிக் காயவிட்டு, பாயை விரிக்குமுன் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். இன்னும் சுட்டால் மறுபடி ஒரு வாளி. ஆனாலும் சித்ரா பௌர்ணமியை விட்டுவிட மனம் வராது. ஆற்றங்கரை ஊர்களில் கட்டுச்சோறு எடுத்துக்கொண்டு குடும்பத்தோடு மணலில் உட்கார்ந்து சாப்பிட்ட நாள் அது. மதுரையில் அழகர் வைகையில் இறங்குவதும் அன்றைக்குத்தான்.

சோற்றுக் கணக்கு

மொத்தம் அரைக் கிலோ பொன்னி புழுங்கலரிசி. ஆளுக்கு இவ்வளவு என்று கூட்டிப் பார்த்தால் இதைவிடச் சற்றுக் குறையத்தான் வரும். ஆனால் கையில் உருட்டிக் கொடுக்கும்போது பிள்ளைகள் தட்டில் சாப்பிடுவதை விட இரண்டு வாய் கூடுதலாகவே வாங்குவார்கள். 150 கிராம் பருப்புச் சோற்றுக்கு, 150 குழம்புச் சோற்றுக்கு, 200 தயிர் சாதத்துக்கு.

மூன்று சோறும் இதே வரிசையில் போக வேண்டும். முதலில் பருப்பும் நெய்யும், ஏனென்றால் இரண்டு வயதுக்காரியின் பசியும் பொறுமையும் முதல் கால் மணி நேரத்தோடு முடிந்துவிடும். அவளுக்குக் காரமில்லாதது முதலில் வந்தால் வயிறு நிறைந்து பாயில் உருளப் போய்விடுவாள். குழம்புச் சோற்றை முதலில் எடுத்தால் அவள் காத்திருந்து அழுவாள், உங்கள் கை வேலை நின்றுவிடும்.

பருப்புச் சோற்றுக்கும் குழம்புச் சோற்றுக்கும் அரிசி ஒரு பங்குக்குத் தண்ணீர் மூன்று பங்கு. தயிர் சாதத்துக்கு நான்கு பங்கு வைத்துக் குழைய விடுங்கள். பருப்புக்குத் துவரம்பருப்பு 100 கிராம், மஞ்சள்தூள், இரண்டு சொட்டு நல்லெண்ணெய். மசித்தபின் உப்பு, நெய் மூன்று தேக்கரண்டி. உதிரியாக வடித்த சோறு இதற்கு உதவாது. உருண்டை உள்ளங்கையில் உடைந்துபோகும், பாதி பாயில்தான் விழும்.

மத்தியானம் மிஞ்சிய சோற்றை வைத்து ஒப்பேற்றலாம் என்று தோன்றும். வெளியே ஐந்தாறு மணி நேரம் கிடந்த சோற்றைப் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள். அதில் பெருகும் கிருமி விட்டுவைக்கும் நஞ்சு, திரும்பச் சூடாக்கினாலும் போகாது. வாந்தி எடுக்க அது போதும். ராத்திரிக்குப் புதிதாகவே வையுங்கள்.

குழம்பு

இந்தச் சாப்பாட்டின் உயிர் புளிக்குழம்பில்தான் இருக்கிறது. முந்தின நாள் ராத்திரியே வைத்துவிடுங்கள். ஒரு நாள் ஊறினால் பூண்டும் வெங்காயமும் புளியை இழுத்துக்கொண்டு ருசி கூடும், மறுநாள் அடுப்பு வேலையும் பாதியாகும்.

ஒரு எலுமிச்சை அளவு புளியை வெந்நீரில் ஊறவைத்து, அரை லிட்டர் கரைசல் எடுங்கள். இரும்புச் சட்டி வேண்டாம், மண்சட்டியோ அடிகனமான எவர்சில்வரோ போதும். நல்லெண்ணெய் ஒரு குழிக்கரண்டி தாராளமாக. கடுகு, அரைத் தேக்கரண்டி வெந்தயம், பெருங்காயம், கறிவேப்பிலை. வெந்தயம் பொன்னிறம் தாண்டிக் கருகினால் குழம்பு முழுக்கக் கசக்கும். அப்படி ஆனால் எண்ணெயைக் கொட்டிவிட்டுப் புதிதாகத் தாளிப்பதுதான் மிச்சம், வெல்லம் போட்டுச் சமாளிக்க முடியாது. உரித்த சின்ன வெங்காயம் இருபது, பூண்டு ஒரு டஜன் பல், ஒரு தக்காளி போட்டு வதக்கி, குழம்பு மிளகாய்த்தூள் இரண்டு தேக்கரண்டி, மஞ்சள்தூள், உப்பு சேர்த்துப் பிரட்டிப் புளியை ஊற்றுங்கள். சிறுதீயில் இருபது, இருபத்தைந்து நிமிடம். ஓரத்தில் எண்ணெய் மிதந்ததும் ஒரு கொட்டைப்பாக்கு அளவு வெல்லம் போட்டு இறக்குங்கள்.

பதம் முக்கியம். கரண்டியைத் தூக்கினால் குழம்பு கொழகொழவென்று இறங்கி, சொட்டு அறுந்து விழ வேண்டும். ஒழுகி ஓடினால் பிள்ளைகளின் முழங்கை வரை வழிந்து சட்டையெல்லாம் மஞ்சள் கறையாகும். நீர்த்திருந்தால் இன்னும் ஐந்து நிமிடம் சுண்டவிடுங்கள்.

பிள்ளைகளுக்காகக் காரத்தைக் குறைத்துவிட வேண்டியதில்லை. காரம் குறைந்த புளிக்குழம்பு வெறும் புளிப்பாகத்தான் நிற்கும். பன்னிரண்டு வயதுக்கு உருண்டைக்கு ஒரு கரண்டி, ஆறு வயதுக்குக் கரண்டி நுனியில் தொட்டது என்று ஊற்றும் அளவில் வித்தியாசம் வையுங்கள்.

தயிர் சாதம்

ஏழு மணிச் சாப்பாட்டுக்கு ஐந்தரைக்கே இதைப் பிசைந்து வைத்தால்தான் பதம் சேரும். குழைந்த சோற்றைச் சூட்டோடு மசித்து, காய்ச்சிய பால் கால் லிட்டர் வெதுவெதுப்பாக ஊற்றி, ஒரு சின்ன உருண்டை வெண்ணெய் போட்டு ஆறவிடுங்கள். கை பொறுக்கும் சூட்டுக்குக் கீழே வந்தபிறகு புளிக்காத கெட்டித் தயிர் ஒரு டம்ளர். கொதிக்கக் கொதிக்கத் தயிரை ஊற்றினால் திரிந்து, தண்ணீர் தனியாகவும் திப்பி தனியாகவும் நிற்கும். பால் பாதிக்கு மேல் இருப்பதால்தான் மாடிக்குப் போகும் வரை புளிப்பேறாமல் இருக்கிறது. உப்பு கடைசியில்.

ஆற ஆறச் சோறு பாலை உறிஞ்சிக் கெட்டிப்படும். ஆகையால் பிசையும்போது சற்றுத் தளர்வாக, கரண்டியிலிருந்து மெல்லச் சரிந்து விழும் பதத்தில் விடுங்கள். ஒன்றரை மணி நேரத்தில் உள்ளங்கையில் நிற்கும் அளவுக்கு வரும். மிகவும் இறுகிவிட்டால் தண்ணீர் வேண்டாம், அரை டம்ளர் பால் தெளியுங்கள். கடுகு, பொடியாக நறுக்கிய இஞ்சி தாளித்தால் போதும். மாதுளை முத்தும் திராட்சையும் பார்வைக்கு நன்றாக இருக்கும், ஆனால் உருண்டை உருட்டும்போது நழுவும். முழுத் திராட்சை இரண்டு வயதுப் பிள்ளையின் தொண்டையில் அடைத்துக்கொள்ளவும் கூடும். வறுத்த வேர்க்கடலையும் அப்படித்தான், அஞ்சு வயது வரை கையில் கொடுக்காமல் இருப்பது நல்லது.

தொட்டுக்கொள்ள

அப்பளமும் கூழ் வடகமும் கடைசியாகப் பொரித்து, சூடு தணிந்ததும் சம்படத்தில் போட்டு இறுக மூடுங்கள். சூட்டோடு மூடினால் வியர்த்து நமுத்துப்போகும், திறந்து வைத்தால் ராத்திரி ஈரக்காற்றே நமுக்க வைத்துவிடும். பெரியவர்களுக்கு மோர்மிளகாய், பிள்ளைகளுக்கு மாவடு. மிச்சமெல்லாம் உங்கள் இஷ்டம். பொரியல், கூட்டு என்று இழுத்துவிட்டுக்கொள்ளாதீர்கள்.

இரண்டே நடை

சமைத்ததை மேலே கொண்டுபோக இரண்டு நடைக்கு மேல் ஆகக் கூடாது. மூன்றாவது நடை போனால் அது அம்மாவின் காலில்தான் விழும், முதல் உருண்டைக்கு முன்பே சலிப்பு வந்துவிடும். முதல் நடையில் முன்னால் ஒரு பெரியவர், பின்னால் பிள்ளைகள், கையில் சூடில்லாத சாமான்களோடு. மூத்தவனிடம் பாயும் கை கழுவ ஒரு வாளித் தண்ணீரும், அடுத்தவளிடம் குடிதண்ணீர்த் தூக்கும் டம்ளர்களும், ஆறு வயதுக்காரனிடம் அப்பளச் சம்படம். அது நொறுங்காமல் மேலே போய்ச் சேர்வதில் அவனுக்கு இருக்கும் பெருமையைக் கெடுக்காதீர்கள், பின்னாலேயே போய்ப் பிடிக்க வேண்டாம். கடைக்குட்டி தன் டம்ளரைத் தானே தூக்கிக்கொள்ளும். இரண்டாவது நடையில் இன்னொரு பெரியவர் சோறு, குழம்பு, தயிர் சாதம் மூன்றையும் எடுத்துக்கொண்டு ஏறுவார். சுடுசட்டியோடு படி ஏறும்போது காலடியில் எந்தப் பிள்ளையும் இருக்கக் கூடாது. அதற்காகத்தான் அவர்களை முன்னால் அனுப்புவது. மேலே ஒரு பெரியவர் முதலிலேயே போய் நிற்பது அவசியம்.

மறந்துபோகிற சாமான்கள் எப்போதும் இவைதான்: உப்பு, கை துடைக்கத் துண்டு, குழம்புக்குச் சின்னக் கரண்டி, நெய்க் கிண்ணம். இவற்றை ஒரு பையில் போட்டு மத்தியானமே படிக்கட்டில் மாட்டிவிடுங்கள்.

பிசைகிற பாத்திரம் வாயகன்றதாக இருக்க வேண்டும். பெரிய எவர்சில்வர் பேசின் நல்லது. கல்சட்டி சூடு தாங்கும், ஆனால் படியேற்றக் கனம். ஈயம் பூசாத பித்தளையில் புளியும் தயிரும் படக் கூடாது.

வேலை முடிந்து யாராவது தாமதமாக வருவதாக இருந்தால், கை வைப்பதற்கு முன்பே அவருக்குத் தனியாக எடுத்து மூடி வையுங்கள். கை பட்டுப் பிசைந்த சோறு நேரம் தாங்காது.

உட்காரும் முறை

அரைவட்டமாக உட்காருங்கள். நடுவில் அம்மா, முன்னால் ஒரு மணைப்பலகை மேல் பேசின். மணை இல்லாவிட்டால் குனிந்து குனிந்து இடுப்பு பிடித்துக்கொள்ளும். கடைக்குட்டி உங்கள் இடப்பக்கம், தொடையை ஒட்டி. வலக்கை பிசையும்போது இடக்கை அவளைப் பிடிக்க வேண்டும். அடித்துக்கொள்கிற இரண்டு பேர் யாரென்று உங்களுக்குத் தெரியும், அவர்களுக்கு நடுவில் அப்பாவையோ பாட்டியையோ உட்கார வையுங்கள். கைப்பிடிச் சுவர் பக்கம் பெரியவர்களின் முதுகு இருக்கட்டும். தண்ணீர்த் தொட்டி ஏணி இருந்தால் அதன் பக்கம் பிள்ளைகள் போகாதபடி பாயைத் தள்ளிப் போடுங்கள். படிக்கட்டுக் கதவைச் சாத்தித் தாழ் போடுவது எல்லாவற்றுக்கும் முந்திய வேலை.

மாடி விளக்கை அணைத்துவிடுங்கள். நிலா வெளிச்சத்துக்காக மட்டும் சொல்லவில்லை. விளக்கெரிந்தால் பூச்சி நேராகப் பேசினில் வந்து விழும். படிக்கட்டில் ஒரு சின்ன விளக்கு போதும். ஐந்து நிமிடத்தில் கண் பழகிவிடும். கொசுவுக்கு ஒரு டேபிள் ஃபேனைக் கால் மட்டத்தில் ஓடவிட்டால் கொசுவர்த்தியே வேண்டாம்.

உருண்டை

கையை நன்றாகக் கழுவி, மோதிரத்தைக் கழற்றி வையுங்கள். பக்கத்தில் ஒரு கிண்ணம் தண்ணீர். நாலைந்து உருண்டைக்கு ஒருமுறை விரலை நனைத்தால் சோறு ஒட்டாது. ஒரேயடியாக எல்லாச் சோற்றையும் பிசைய வேண்டாம், ஒரு சுற்றுக்கு வேண்டியதை மட்டும் ஓரத்திலிருந்து இழுத்துப் பிசையுங்கள். மீதிச் சோறு சூடாகவே இருக்கும்.

உருண்டை எல்லோருக்கும் ஒரே அளவு, சின்ன எலுமிச்சை அளவு. சண்டை வருவது இங்கேதான். பெரியவனுக்குப் பெரிது, சின்னவனுக்குச் சிறிது என்று உருட்டினால் இருட்டிலும் அவர்கள் கண்ணுக்கு அது தப்பாது. அளவை மாற்றாமல் எண்ணிக்கையை மாற்றுங்கள். ஆறு வயதுக்காரனுக்கு வயிறு நிறைந்தால் ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று வாங்கட்டும். அரைக் கிலோ அரிசி, பருப்பு, தயிரோடு சேர்த்து ஐம்பது, அறுபது உருண்டை வரும்.

கடைக்குட்டிக்கு மட்டும் அதே உருண்டையைப் பிய்த்துச் சுண்டைக்காய் அளவாக்கி, உங்கள் மணிக்கட்டின் உள்பக்கம் வைத்துச் சூடு பார்த்து வாயில் கொடுங்கள். கறிவேப்பிலை, பூண்டு, இஞ்சித் துண்டு எதுவும் அதில் இருக்கக் கூடாது. மற்றவர்கள் எல்லாரும் கையில் வாங்குவதைப் பார்த்து அவளும் கையை நீட்டுவாள். கொடுங்கள், பாதி பாயில் போனாலும் பரவாயில்லை. ஒரு வயது நிறையாத குழந்தை இருந்தால் அதற்கு உப்புப் போடுமுன் பருப்பும் சோறும் தனியாக மசித்து வைத்துக்கொள்ளுங்கள்.

குழம்புச் சுற்றில் பருப்பு சேர்க்காத சோற்றைக் குழம்போடு பிசைந்தே உருட்டலாம். தயிர் சாதச் சுற்றுக்குத்தான் கைப்பக்குவம் வேண்டும். பிள்ளை உள்ளங்கையைக் குவித்து நீட்ட வேண்டும், விரல்களுக்கு இடையில் சந்து இருக்கக் கூடாது. உருண்டையை அதில் வைத்து, உங்கள் கட்டைவிரலால் நடுவில் ஒரு குழி. குழி பாதி ஆழத்துக்கு மேல் போனால் அடி பிளந்து குழம்பு கையில் இறங்கிவிடும். அந்தக் குழியில் குழம்பை ஊற்றி, ஒரு வெங்காயமோ பூண்டோ வைத்துக் கொடுங்கள். ஒரே வாயில் போட வேண்டும், கடித்துக் கடித்துத் தின்றால் வழியும். வெள்ளைச் சோற்று நடுவில் நிற்கிற அந்தக் கருஞ்சிவப்புக் குழம்புக்காகத்தான் பிள்ளைகள் அடுத்த மாதமும் கேட்பார்கள்.

சுற்று எப்போதும் ஒரு திசையிலேயே போகட்டும், கடைசி உருண்டை அம்மாவுக்கு. இதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். "நான் அப்புறம் சாப்பிட்டுக்கறேன்" என்று ஒரு சுற்றை விட்டால் அடுத்த சுற்றும் போய்விடும், கடைசியில் அடிச்சட்டிதான் மிஞ்சும். உங்கள் கை நனைந்திருப்பதால் உங்களுக்கு உருட்டிக் கொடுக்கும் வேலை மூத்த பிள்ளைகளுடையது. சுற்றுக்கு ஒருவராக மாறி மாறிக் கொடுக்கட்டும். அவர்கள் உருட்டுவது பெரிதாக, உருவமில்லாமல்தான் இருக்கும், குழம்பும் அளவுக்கு மீறித்தான் இருக்கும். திருத்தாமல் வாங்கிக்கொள்ளுங்கள்.

இடையில் பேச்சு

செல்போன் கீழேயே இருக்கட்டும், அழைப்பு வந்தால் ஒரு சுற்று குலைந்துவிடும். ஒரு உருண்டைக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஒவ்வொருவருக்கும் ஒன்றிரண்டு நிமிடம் இடைவெளி கிடைக்கும். அந்த நேரத்துக்கு விடுகதை சரியான அளவு. "ஆயிரம் தச்சர் கூடி அழகான மண்டபம் கட்டி, ஒருவன் கண் பட்டு உடைந்ததாம் மண்டபம்" என்று போட்டுவிட்டுச் சோற்றைப் பிசையுங்கள். தேன்கூடு என்று கண்டுபிடிக்க ஒன்பது வயதுக்காரிக்கு ஒரு முழுச் சுற்று ஆகும். பள்ளிக்கூடத்து மார்க், வீட்டுப்பாடம் இரண்டையும் மட்டும் எடுக்காதீர்கள். நீங்கள் கேட்காமல் விட்டால் அவர்களே வகுப்பில் நடந்ததைச் சொல்ல ஆரம்பிப்பார்கள், பெரும்பாலும் தயிர் சாதச் சுற்றில். வயிறு பாதி நிறைந்த பிறகுதான் பிள்ளைகளுக்குப் பேச்சு வரும்.

அடிச்சட்டி

பேசினை வழித்து வரும் கடைசிப் பிடிக்குத்தான் எல்லோரும் அடித்துக்கொள்வார்கள். குழம்பு, நெய், தயிர் எல்லாம் சேர்ந்து அதில் ஒரு தனி ருசி இருக்கிறது. இந்த மாதம் யாருக்குப் போனது என்று காலண்டரில் அந்தத் தேதியிலேயே எழுதிவிடுங்கள். வாய்க்கணக்கு நிற்காது. அம்மாவின் பெயரும் அந்த வரிசையில் இருக்க வேண்டும்.

முடிந்ததும் எல்லோரும் வாளித் தண்ணீரில் மாடியிலேயே கை கழுவட்டும். எண்ணெய்க் கையோடு படிக் கைப்பிடியைத் தொட்டால் மறுநாள் துடைப்பது உங்கள் வேலையாகும். அந்தத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றாதீர்கள், உப்பும் எண்ணெயும் ஆகாது. பாயில் சிந்திய பருக்கையை ஈரத்துணியால் அப்போதே துடைத்து உதறுங்கள். விட்டால் விடிவதற்குள் எறும்பு வரிசை கட்டிவிடும். கை பட்ட தயிர் சாதம் மிஞ்சினால் எடுத்து வைக்க வேண்டாம். கை படாத குழம்பை ஃபிரிட்ஜில் வைத்துக் காலையில் கொதிக்கவிட்டால் தோசைக்குத் தொட்டுக்கொள்ள ஆகும்.

அடுக்குமாடியில் இருப்பவர்கள் மாடிச் சாவியை முந்தின நாளே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மேகம் மூடிவிட்டாலும் திட்டத்தைக் கைவிட வேண்டாம். பால்கனியில், திண்ணையில், கூடத்து ஜன்னலோரத்தில் பாயைப் போட்டு அதே வரிசையில் உட்கார்ந்தால் சோறு அதே சோறுதான். சமைத்ததைத் தட்டில் போட்டுக் கொடுத்துவிட்டால் மட்டும் அது வழக்கமான ராத்திரிச் சாப்பாடு ஆகிவிடும், அம்மா மறுபடி நிற்க வேண்டியதுதான்.